இரண்டு வேளைப் பால்

எழுபத்தெட்டாம் வருடம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயம். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்கு இருபத்து நான்கு வயது. இடுப்பில் ஐந்து மாதப் பையன். கையில் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கீழே வைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. இலங்கையில் கண்டிக்குப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வாப்பாவின் கடை கைவிட்டுப் போனதும் குடும்பத்தோடு கப்பலேறி வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அங்கே நான் படித்த படிப்பை இங்கே ஒருத்தரும் மதிக்கவில்லை. மறுபடி எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாகக் கட்டி எழுதினேன். இடையில் கல்யாணம் நடந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். நேரமாகிவிட்டது என்பதற்கு ‘சுணங்கிட்டுது’ என்று சொன்னால் தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் வேறு வாய் ஓயாமல் பேசுகிறவளா, ‘சிலோன் ரேடியோ’ என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் ரேடியோ நிற்காது.

மாமியாரைப் பற்றி நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தக் காலத்தில், எங்கள் சந்தில், கல்யாணமான மருமகளைப் படிக்க அனுப்பியது அவர் ஒருவர்தான். ஊரார் என்னென்னவோ சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த பிறகு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். “இந்த வருஷத்தோட முடிச்சிக்கோம்மா. இதுக்கு மேல பச்சப் புள்ளயை வெச்சிக்கினு என்னால அல்லாட முடியாது.” நியாயம்தான். அவருக்கு முட்டி வலி. என் பிள்ளையோ புட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பசும்பால், பவுடர் பால் எதுவும் தொண்டையில் இறங்காது. தாய்ப்பால் ஒன்றுதான். ஆகவே அந்த வருடம் தேறினால் வாத்தியாரம்மா, தவறினால் அடுப்படி. இதில் மாற்றம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அண்ணன் மனைவியை இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ‘பாபி’ என்பார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள், அவர்களை வாணியம்பாடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும் என்று நர்ஸ் சொன்னார். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த அவளுடைய மாமியார், தொட்டில் பக்கமே போகாமல், வாசலில் நின்றபடியே மூன்றாவதும் பெண், அதுவும் நொண்டி என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பையன் பக்கத்தில் படுக்க வைத்தார். “யாரும் அழ வேணாம். இவ என் பேரனுக்கு. இப்பவே பேசி முடிச்சாச்சு” என்றார். அத்தை மகள்தானே, முறைப்பெண்தானே. வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. அதுவரை குழந்தையைக் கையால் தொடாமல் இருந்த நாத்தனாரின் கணவர்கூட அன்று சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டார். நாத்தனார் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். கல்யாணம் என்பது இருபது வருடம் கழித்து வரும் விஷயம், அதற்குள் என்னவெல்லாமோ நடக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பயிற்சியின் கடைசிப் பரீட்சை, செய்முறைத் தேர்வு. பரீட்சை அதிகாரி உட்கார்ந்து பார்க்க, நிஜப் பிள்ளைகளுக்கு நிஜமாகப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு அடி அண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தைப் போட்டிருந்தார்கள். மலையைச் சுற்றிப் போகிற பாதையில் இருக்கிற கிராமம். பகலில் கணவர் பிள்ளையை அங்கேயே ஜட்காவில் கொண்டுவந்து பால் கொடுக்க வைத்துத் திரும்புவது என்று ஏற்பாடு. முதல் நாள் இரவு தந்தி வந்தது. வேலூரில் மாமியாரின் அண்ணன் மவுத், இறந்துவிட்டார். விடியற்காலை முதல் பஸ்ஸில் மாமியாரும் கணவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். வீட்டில் நான், நாத்தனார், இரண்டு குழந்தைகள்.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போய்விடலாமா என்று பார்த்தேன். முந்தைய நாளிலிருந்து அவனுக்கு லேசாக உடம்பு சுட்டது. இந்த வெயிலில் வேண்டாம் என்று நாத்தனார்தான் தடுத்தாள். எனக்கு வரிசையில் முதல் இடம். பத்து மணிக்குப் பாடம் நடத்தினால் பன்னிரண்டுக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்தக் கணக்கில், பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினேன். இறங்கியவள் திரும்பி நின்று சொன்னேன்.

“ரொம்ப அழுதான்னா நீயே ஒரு வாட்டி குடுத்துடும்மா. ஒரு வாட்டியில ஒண்ணும் ஆயிடாது.”

இதை நான் ஏன் அவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மார்க்கத்தில் பால் உறவு என்று ஒன்று உண்டு. ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரியே ஆகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகளெல்லாம் அதற்கு உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடவே கூடாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வயிறு நிறைய ஐந்து வேளை குடித்தால்தான் அந்த உறவு ஏற்படும் என்று எங்கள் உம்மா சொல்லித் தந்திருந்தார். கண்டியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்துக்குக் குறைந்தால் எதுவும் இல்லை. அந்தத் தைரியம்தான் எனக்கு.

நாத்தனார் தொட்டிலில் கிடந்த தன் மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வேளைப் பால் கொடுக்க இவ்வளவு யோசிக்கிறாளே, என்ன கஞ்சத்தனம் என்று எனக்குச் சுருக்கென்றது. “போங்க பாபி. பஸ்ஸு போயிடப் போவுது. நான் பாத்துக்கறேன்” என்றாள். நான் விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

பத்து மணிக்கு வர வேண்டிய பரீட்சை அதிகாரி ஒரு மணி வரைக்கும் வரவில்லை. வந்த பிறகும் வரிசையை மாற்றிவிட்டார். என் முறை கடைசிக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், பால் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று. மார்பு கல்லாகிவிட்டது. கை தூக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பிழிந்து மண்ணில் விட்டேன். என் பிள்ளை அங்கே பசித்து அழ, அவனுடைய பால் இங்கே மண்ணில் போகிறதே என்று அழுகையாக வந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றால் ஒரு வருடம் அல்ல, படிப்பே போய்விடும். உட்கார்ந்தேன்.

என்னைக் கூப்பிட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வகுப்பில் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நிற்பது என் வழக்கம். நாலாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே பாதிப் பாடத்தை ஓட்டினேன். பின்னால் இருந்து அதிகாரி, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்படி சொன்னார். வைத்தேன். கையைத் தூக்கி ஒரு வட்டம் போட்டு அதை நாலாகப் பிரித்துவிட்டுத் திரும்பினேன். முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள்.

“டீச்சர், உங்க மேல தண்ணி கொட்டிடிச்சு டீச்சர்.”

குனிந்து பார்த்தேன். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, சேலைக்கு மேலேயே தெரிந்தது. நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். சில பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், போதும் என்று கையைக் காட்டினார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. அன்றைய தினத்தில் எனக்கு வரவேண்டிய வெட்கமெல்லாம் அத்தோடு வந்து முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். என் பிள்ளை நாத்தனார் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு உப்பி இருந்தது. சங்கில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாளாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாளாம். எல்லாவற்றையும் துப்பிவிட்டு, மதியம் ஒரு கட்டத்தில் அழுது அழுது மூச்சே நின்றுபோய் முகம் நீலமாகிவிட்டதாம். “ரெண்டு வாட்டி குடுத்தேன் பாபி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு சின்னப் பொறாமையும் வந்தது, என் பிள்ளை என்னிடம் வர மறுத்து அவள் மடியிலேயே சுருண்டுகொண்டதால். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். குழந்தைகள் இரண்டையும் ஒற்றையாகச் சமாளித்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமியாரும் கணவரும் திரும்பினார்கள். நாத்தனாரையும் குழந்தையையும் அழைத்துப்போக அவளுடைய கணவரும் அன்றே வந்தார். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டே ரேடியோவைத் திருகிவிட்டேன். அதிகாரி வராததைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன். நாத்தனாரைப் பாராட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அவள் மட்டும் இரண்டு வேளை பால் கொடுத்திருக்காவிட்டால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பான் என்றும் சொன்னேன்.

மாமியாரின் கை தட்டிலேயே நின்றது.

“யாரு யாருக்குக் குடுத்தது?”

“இவதான் மாமி, நம்ம புள்ளைக்கு. ரெண்டு வாட்டிதான்.”

“அல்லாவே” என்றார். நான் அவசரமாக ஐந்து வேளைக் கணக்கைச் சொல்லி விளக்கினேன். அவர் என்னை ஒரு பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அது உங்க ஊரு வழிம்மா. நாங்க ஹனஃபி. எங்களுக்கு ஒரு முடக்கு உள்ள போனாலும் போனதுதான்.”

சட்ட விஷயங்களில் முஸ்லிம்கள் பின்பற்றுகிற வழிகள் நான்கு உண்டு. எங்கள் இலங்கைப் பக்கம் ஷாஃபி வழி. இந்தப் பக்கத்தார் ஹனஃபி வழி. தொழுகையில் கை கட்டுவதில் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தெரியும். வந்த புதிதில் அதற்காகவும் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். பாலிலும் வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தவளுக்கு, ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

கணவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய் அஜரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். கூடாதாம். அண்ணன் தங்கச்சி ஆயிட்டாங்களாம்.

அந்த நொடியில் எனக்குள் நடந்ததை இத்தனை வருடமாக நான் மறக்கவில்லை. திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் திக்குக்கு அடியில் ஏதோ ஒன்று லேசானது. என் பையனுக்குக் கால் நன்றாக இருக்கிற பெண் வருவாள் என்று மனதின் ஒரு மூலை சொல்லிவிட்டது. நான் அதைக் கூப்பிடவில்லை. அதுவாக வந்தது. வந்ததை நான் பார்த்துவிட்டேன்.

சரியாக அப்போதுதான் நாத்தனாரின் கணவர் கூடத்தில் எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“படிச்சவங்க ஆச்சே. நொண்டிப் பொண்ணு வேணாம்னு வாயால சொல்லாம, காரியத்தையே முடிச்சிட்டாங்க.”

வேறு எப்போதாக இருந்தாலும் நான் பதிலுக்கு ஒன்பது சொல்லியிருப்பேன். நான் திட்டம் போடவில்லை, அல்லாஹ் அறிவான். எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் உள்ளே அந்த லேசான இடம் இருந்ததே. அதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சத்தம் போடுவேன்? கையில் குழம்புக் கரண்டியோடு ஊமை மாதிரி நின்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையிலும் ஒரு கேள்வி இருந்தது. மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையிலிருந்து நாத்தனார் வந்தாள். தோளில் அவள் மகள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை.

“பாபியை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“தெரிஞ்சா?” என்றார் அவள் கணவர்.

“புள்ள மூச்சு அடைச்சிப் போச்சு. இன்னா செய்யச் சொல்றீங்க? சட்டம் பாத்துக்கினு உக்காந்திருக்கவா?”

அவர் குழந்தையின் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். கிளம்புவதற்கு முன் சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே வாசலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே கேட்டேன். நான் என்னவோ கோபப்பட உரிமை உள்ளவள் மாதிரி கேட்டேன். அவள் என் கையை விலக்கவில்லை.

“சொல்லியிருந்தா நீங்க பரீட்சைக்குப் போயிருக்க மாட்டீங்க பாபி” என்றாள்.

வாசலில் அவள் யோசித்தது கஞ்சத்தனம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கண் தன் மகளின் கால் மேலும், ஒரு கண் என் புத்தகப் பை மேலும் வைத்து அவள் நின்றிருக்கிறாள். அப்படியும் போங்க என்று சொல்லியிருக்கிறாள்.

நான் தேறினேன். ரவிக்கை நனைந்த பாடத்துக்கு அதிகாரி நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார். அடுத்த வருடமே வேங்கிக்கால் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. நாத்தனார் மட்டும் அதற்குப் பிறகு தாய் வீட்டுக்கு வரவில்லை. அவள் கணவர் அனுப்பவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் மாமியார் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு முட்டி வலியோடு அவரே வாணியம்பாடிக்கு பஸ் ஏறுவார். பேத்தியைப் பிடிவாதமாக வேலூருக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட வைத்ததும் அவர்தான். கூட வரியா என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார். ஸ்கூல் இருக்கு மாமி என்பேன். லீவு நாளில் கேட்டால் திருத்த வேண்டிய பேப்பர் இருக்கும். பேப்பர் இல்லாவிட்டால் தலைவலி இருக்கும். என்னை ஒருவரும் திட்டவில்லை. மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எண்பத்து நாலில், கோடை விடுமுறையில், ஒரு வழியாகப் போனேன். மாமியாருக்கு நடக்க முடியாமல் போயிருந்தது. மகளுக்கு என்று அவர் எடுத்து வைத்த துணிமணியைக் கொடுத்துவிட்டு வர வேறு ஆள் இல்லை. ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் முழு நேரமும் வார்த்தைகளைக் கட்டிக்கொண்டே போனேன். வாத்தியாரம்மா ஆயிற்றே, முன் தயாரிப்பு இல்லாமல் வருமா.

நாத்தனார் வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நாலாவதும் பெண்ணாகப் பிறந்திருந்தது. இளைத்திருந்தாள், முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் கட்டி வைத்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய் என் மகன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்.

“எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு சொல்வீங்களே. இதோ, என் புள்ள வந்துட்டான் பாருங்க.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை லேசாக இழுத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். “வாடி, உன் அண்ணன் வந்திருக்கான்” என்று நாத்தனார் கூப்பிட்டாள். அந்தக் குழந்தை கூச்சமில்லாமல் வந்து என் மகன் கையைப் பிடித்தது. அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான், திருவண்ணாமலையில் இருக்கிறான், ஒருநாள் வருவான் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் மகனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான். “இவங்க யாரும்மா?” என்றான்.

நாத்தனார் கை அவன் முகத்திலேயே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சொல்லலியா பாபி?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ஒரு மகளின் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தவளுக்கு எங்கள் மார்க்கம் பதிலுக்குக் கொடுத்தது ஒரு மகனை. அவள் ஆறு வருடமாக அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ, என் வெட்கம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று, அவனிடம் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் மாதிரி மறைத்துவிட்டேன். அடி அண்ணாமலையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றபோது பட்ட வெட்கம் இதன் கால் தூசிக்கு ஆகாது.

நடு வீட்டில், அத்தனை பெண்கள் முன்னால், தரையில் உட்கார்ந்து என் மகனிடம் சொன்னேன். நீ குழந்தையாக இருந்தபோது, நான் வீட்டில் இல்லாத ஒரு நாள், பசியில் நீ செத்துப்போகாமல் பால் கொடுத்தவங்க இவங்கதான், இவங்களும் உனக்கு அம்மா என்று. அவன் “அப்ப எனக்கு ரெண்டு அம்மாவா?” என்று கேட்டான். பெண்கள் சிரித்தார்கள். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த அவள் கணவர் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். என்னிடம் பேசவில்லை. என் மகனுக்கு மட்டும் ஒரு கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளும் தொழுகை முடிந்ததும் என் மகன் வாணியம்பாடிக்குப் போகிறான். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால், சாப்பிட்டீங்களா பாபி என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். பள்ளிக்கூடத்து விழாக்களில், வெளிநாட்டிலிருந்து வந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டே படித்து, குடும்பத்தையும் வேலையையும் தனியாகத் தூக்கி நிறுத்திய பெண்மணி என்று என்னை மேடையேற்றிப் பேசுகிறார்கள், கை தட்டுகிறார்கள். இன்னொருத்தி வீட்டுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அகப்பட்டவள் மாதிரி, ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதைப் பார்த்து, எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் சேர்த்துக் கை தட்டுகிறார்கள்.